செம்மேட்டில் விரித்த இலை

"அம்மா, எம் பையனுக்கு அங்க யாருங்க ஒரு பிடி சோறு வெப்பாங்க?"

ஆசிரமத்துக்கு வந்த நாள் முதல் செங்கோடன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அவருடைய மகன் குமரவேல் பட்டாளத்தில் இருந்தான். எல்லைக்கு அப்பால், எதிரியின் மண்ணில் சண்டையில் விழுந்தான். உடல் வரவில்லை, பதக்கம்தான் வந்தது.

தவமணி அம்மா வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. இருந்தாலும் குரு குருதான்.

அன்றும் செங்கோடன் கேட்டதும் அம்மா எழுந்தார். தூக்குப் போசியில் புளிச்சோறு, ஒரு வாழை இலை, ஒரு செம்புத் தண்ணீர். எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். செங்கோடனும் பின்னாலேயே ஏறினார்.

செம்மேட்டில் இறங்கினார்கள். எந்தக் காலத்திலோ இரண்டு ராஜாக்கள் மோதிக்கொண்ட களம். இப்போது அது பூங்கா. புல்தரை, சிமெண்ட் பெஞ்சு, ஐஸ் வண்டி. நடுவே, செத்தவர்களுக்காக நட்ட கற்கள். ஒவ்வொரு கல்லிலும் வாளோடு ஒரு வீரன்.

"இங்க விழுந்தவன் ஒருத்தனுக்கு இந்தச் சோத்தப் படைச்சுட்டு வாங்க" என்றார் அம்மா.

"நம்ம ராஜா பக்கத்து ஆளுக்குத்தானுங்களே?"

அம்மா போசியையும் இலையையும் நீட்டினார். அவ்வளவுதான்.

'பதில் சொன்னா வாய் வலிக்குமாக்கும்' என்று முணுமுணுத்துக்கொண்டே செங்கோடன் போனார்.

யார் நம்மவன்? யார் ஆறு தாண்டி வந்த பகையாளி? ஒரு மண்ணும் விளங்கவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி கால் மடக்கி, ஒரே மாதிரி வாள் ஓங்கி நின்றார்கள். மூக்கையும் முழியையும் மழை தின்றிருந்தது. செங்கோடனுக்குத் தலை சுற்றியது.

வாசலில் இருந்த அறிவிப்புப் பலகைக்குத் திரும்பிப் போனார். 'கொண்டை இடப்பக்கம் சாய்ந்தவர் நம் நாட்டு வீரர். வலப்பக்கம் சாய்ந்தவர் பகை நாட்டார்' என்று எழுதியிருந்தது.

அலைந்து திரிந்து, இடது பக்கம் கொண்டை போட்ட ஒருவனைப் பிடித்தார். உருவத்தில் சின்னப் பையன் மாதிரி இருந்தான். இலை விரித்துச் சோற்றை வைத்தார்.

"சாப்புடு சாமி" என்றார். அதற்கு மேல் முடியவில்லை. "குமரவேலு, குமரவேலு" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சத்தம் கேட்டுப் பூங்காக் காவலாளி வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, இவன் பகையாளிங்க."

"கொண்டை இடது பக்கந்தானே இருக்குது?"

"உங்களுக்கு இடது. கல்லுல நிக்கறவனுக்கு வலது. வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தானுங்க மாத்திப் படைக்கறாங்க."

செங்கோடன் தன் கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கல்லுக்கு முதுகு காட்டி நின்று, மறுபடி கையைப் பார்த்தார். ஆமாம், பகையாளிதான். பகையாளிக்கா மகன் பேரைச் சொல்லிச் சோறு வைத்தோம்? உடம்பெல்லாம் எரிந்தது.

"எடுத்துருங்க" என்றது அம்மாவின் குரல், பின்னாலிருந்து. "நம்ம ஆளுக்கு வெச்சுக்கலாம்."

செங்கோடன் குனிந்தார். இலையைத் தொட்டார். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க?" என்றார் அம்மா.

"இல்லீங்க... சாப்புட உக்காந்தவன் முன்னாடி இருந்து எலைய எப்படீங்க எடுக்கறது?"

"பகையாளிங்களே."

செங்கோடன் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தத் தண்ணிச் செம்பக் குடுங்கம்மா. பையனுக்கு விக்கப்போகுது."