ஏகாம்பரத்தின் ஒருநாள் விடுப்பு

ஆசிரியை மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் பாடங்கேட்ட திருமேனிக்கு அறுபது. இருவரும் எழுதியது ஒரே வகைக் கதை: மாநகரத்தில் மாய உயிர்கள் உலவும் நெடுந்தொடர். ஆசிரியையின் தொடர் பதினான்காம் நூலை எட்டியிருந்தது. திருமேனியின் தொடர் ஏழாம் நூலில் தடுமாறிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பெரம்பூரில் ஆசிரியையின் வீட்டுக்கு வந்த திருமேனி, அமர்வதற்கு முன்பே கேட்டார்.

"ஆசிரியரே, ஏகாம்பரத்தை எந்த அத்தியாயத்தில் கொல்லலாம்?"

"முதலில் தண்ணீர் குடியுங்கள், ஐயா. கொலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

ஏகாம்பரம் திருமேனியின் தொடரில் வரும் பேருந்து நடத்துநர். கோயில் தூண்களிலிருந்து இறங்கிய யாளிகள் மனித உருவில் வண்ணாரப்பேட்டைப் பேருந்தில் பயணம் செய்யும். ஓட்டுநர் பிரேக் போட்டால் மனிதர்கள் முன்னே சாய்வார்கள், யாளி சாயாது. அதைக் கண்டுகொள்ளும் ஒரே மனிதர் ஏகாம்பரம். அவர் விசில் ஊதுவார். நாயகன் இளம்பரிதி பாய்ந்து பிடிப்பான்.

"ஏன் கொல்ல வேண்டும்?" என்றார் ஆசிரியை.

"இந்த நூல் பேசப்படாவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவேன் என்கிறார் பதிப்பாளர். வாசகர்கள் அழ வேண்டும். இளம்பரிதியைக் கொன்றால் தொடர் முடிந்துவிடும். ஏகாம்பரம் என்றால் இழப்பு குறைவு."

"நீங்கள் எழுத்தாளரா, எமதருமனா?"

திருமேனி சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர்முன் வைத்தார்.

"ஏகாம்பரம் பணிமனை மேலாளருக்கு ஒருநாள் விடுப்புக் கேட்டு எழுதுகிறார். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். பிறகு எந்த அத்தியாயம் என்று சொல்கிறேன்."

திருமேனி முப்பதாண்டுகள் அரசு அலுவலகத்தில் பணியாற்றியவர். விடுப்புக் கடிதம் எழுத அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடங்களில் எழுதி நீட்டினார்.

ஆசிரியை படித்தார். "காரணம், உடல்நலக் குறைவு. இது எல்லாரும் எழுதும் காரணம். அவருடைய காரணம் எது?"

திருமேனி அந்த வரியை அடித்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. வீட்டில் சமையல் முடிந்தது. தாளிக்கும் மணம் கூடம்வரை வந்தது. காரணம் வரவில்லை.

"தெரியவில்லை, ஆசிரியரே."

"ஆறு நூல்களாக உங்களுக்கு விசில் ஊதியவர்."

திருமேனி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது அவர் கையில் ஆறு நூல்களும் இருந்தன. பக்கங்களில் பென்சில் கோடுகள்.

"பெரிய தவறு செய்துவிட்டேன். முதல் நூலில் ஏகாம்பரத்தின் மகள் கயற்கண்ணி பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஆறாம் நூலிலும் பத்தாம் வகுப்பு. இதற்குள் இளம்பரிதி பட்டம் பெற்றுவிட்டான். அவனுக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது."

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ பாவம்! அந்தப் பெண் எத்தனை முறைதான் கணக்குப் பரீட்சை எழுதுவாள்?"

"சிரிக்காதீர்கள், ஆசிரியரே. இன்னொன்றும் உண்டு. ஏகாம்பரத்தின் விசிலால் இளம்பரிதி பதினொரு முறை உயிர் தப்பியிருக்கிறான். ஒருமுறைகூட அவன் நன்றி சொல்லவில்லை."

"அவன் சொல்லவில்லையா, நீங்கள் எழுதவில்லையா?"

திருமேனி அந்தப் பக்கத்தில் இன்னொரு பென்சில் கோடு போட்டார்.

"விடுப்புக்குக் காரணம் கிடைத்ததா?"

"கிடைத்தது. கயற்கண்ணி திருநெல்வேலியில் செவிலியர் படிப்பு முடிக்கிறாள். பட்டம் பெறும் நாளில் அப்பா வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் இதுவரை விடுப்பே எடுத்ததில்லை. யாளி ஏறினால் யார் பார்ப்பது என்ற கவலை அவருக்கு."

"சரி. இப்போது எந்த அத்தியாயத்தில் கொல்லலாம் என்று நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் திருமேனி.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை அவர் அங்கேயே அமர்ந்து எழுதத் தொடங்கினார். ஏகாம்பரம் முந்தைய இரவே திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுகிறார். பேருந்தில் வேறொரு நடத்துநர். பிரேக் போட்டபோது யார் சாய்ந்தார், யார் சாயவில்லை என்று இளம்பரிதிக்குத் தெரியவில்லை. கடைசி நிறுத்தம்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறான். யாளி அவன் தோளை உரசிக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறது. மறுநாள் விடியற்காலையில் அவன் பணிமனை வாசலில் காத்திருக்கிறான். ஏகாம்பரம் வந்ததும் எழுந்து நின்று கைகூப்புகிறான்.

"என்னப்பா இது, கோயிலுக்கு வந்தமாதிரி? ஏறு, வண்டி கிளம்புது" என்கிறார் ஏகாம்பரம்.

அந்த வரியை எழுதியபோது திருமேனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆசிரியை வேறு பக்கம் பார்த்தார்.

நூல் பதிப்பாளரிடம் போயிற்று. ஒரு மாதம் கழித்து, வழக்கமான சனிக்கிழமையில், திருமேனி வந்து அமைதியாக அமர்ந்தார்.

"பதிப்பாளர் படித்துவிட்டார். அழகாக இருக்கிறதாம். ஆனால் சாவு இல்லை, பரபரப்பு இல்லை. அப்படியே அச்சிடுவார், ஆனால் இதுவே கடைசி. தொடர் முடிந்தது."

"என் பேச்சைக் கேட்டதால் வந்த இழப்பு, ஐயா."

"இல்லை, ஆசிரியரே. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"எதற்கு?"

"அத்தியாயம் முடிந்த பிறகும் ஏகாம்பரம் எனக்குள் நடமாடிக்கொண்டே இருக்கிறார். கயற்கண்ணிக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவையும் உடன் அழைக்கிறாள். அவருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்றாண்டுகள். ஆடாத தரையில் நின்று பழக்கமில்லை. அதனால் வீட்டிலும் எதையாவது பிடித்துக்கொண்டே நிற்கிறார். விசிலை இளம்பரிதிக்குக் கொடுப்பதா, புதிய நடத்துநருக்குக் கொடுப்பதா என்று யோசிக்கிறார். காலையில் நான் எழுவதற்குள் அவர் எழுந்துவிடுகிறார். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எழுதுவதற்குத்தான் இனி நூல் இல்லை."

ஆசிரியை எழுந்து, தம்மைவிட மூத்த மாணவரைக் கைகூப்பி வணங்கினார்.

"அப்படியானால் ஏகாம்பரம் பிழைத்துக்கொண்டார், ஐயா."