பச்சிளங்குழந்தைகளின் அறைக்குப் பூசிய பெயிண்ட்

பண்ருட்டிப் பக்கம் தையல்நாயகி என்றொருத்தி பெயிண்ட் செய்து விற்று வந்தாள். தூக்கியெறிந்த தண்ணீர் பாட்டில்களிலிருந்து எடுத்த பிசின், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், கரைக்க வெறும் தண்ணீர். அவ்வளவுதான் சரக்கு. தம்பி கொளஞ்சி கலவை போடுவான். சோதித்துப் பார்ப்பது அவர்களிடம் வேலை பார்த்த ரெஜினாவின் பொறுப்பு.

அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்குப் புது அறை கட்டினார்கள். சுவருக்குப் பூசத் தையல்நாயகியிடம் பெயிண்ட் கேட்ட டாக்டர் சுலைகா ஒரே ஒரு வாக்குறுதி கேட்டார். "பெயிண்ட் கெடாம இருக்க மருந்து எதுவும் கலக்கக் கூடாது. குறைமாசக் குழந்தைங்க, மூச்சு தாங்காது."

தையல்நாயகி வாக்குக் கொடுத்தாள்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஒரு பீப்பாய் பெயிண்ட் மாவு போலப் புளித்து நாறத் தொடங்கியது. அதை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். சுவர்கள் பூசிக் காய்ந்த அன்று பார்த்தால், அதே பீப்பாய் மருத்துவமனை வாசலில் காலியாகக் கிடந்தது. குனிந்து மோந்தாள். நாற்றமே இல்லை.

"என்னடா ஊத்தின?"

"கிருமிக்கொல்லி. கொஞ்சம்தான்க்கா" என்றான் கொளஞ்சி. "மத்த கம்பெனி பெயிண்ட்ல எல்லாம் இருக்கிறதுதானே? பழைய வார்டு கூரை ஒழுகுது, குழந்தைங்க நனையுதுங்க. புதுசா செய்ய நேரம் ஏது?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நர்சுகள் குழந்தைகளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார்கள். டாக்டர் வாசலில் நின்று கேட்டார்: "மருந்து எதுவும் சேரலையே?"

"சேரலை டாக்டர்" என்றாள் அப்போதுதான் அங்கே வந்த ரெஜினா, பளிச்சென்று. மற்ற பீப்பாய்களை அவள் சோதித்திருந்தாள். இந்த ஒன்றைத் தொடவே இல்லை. ஒதுக்கியதுதானே என்று விட்டுவிட்டாள்.

தையல்நாயகிக்குத் தெரியும்: வாயைத் திறந்தால் அந்தக் குழந்தைகள் மறுபடி ஒழுகும் கூரைக்குக் கீழே போக வேண்டும். முதல் நர்ஸ் நிலைப்படியில் கால் வைத்தாள்.

"கலந்திருக்கு டாக்டர்! உள்ளே கொண்டு போகாதீங்க!" என்று கத்தினாள் தையல்நாயகி.

ரெஜினா தெரிந்து பொய் சொல்லவில்லை. கொளஞ்சி கலந்ததில் கெட்ட எண்ணம் இல்லை. தையல்நாயகியோ நனைகிற குழந்தைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தையல்நாயகி செய்ததே சரி. கொளஞ்சியின் மருந்து கேடு செய்யாமலே போயிருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அவருக்குத் தெரியாமல் அவனே முடிவு செய்துவிட்டான். ரெஜினா பார்க்காததற்கும் சேர்த்து, பார்த்தது போல உறுதி சொன்னாள். உண்மை தெரிந்ததும் டாக்டர் பிரசவ வார்டில் கட்டில்களை நெருக்கிப் போடச் சொல்லி, குழந்தைகளைத் தாய்மார்களின் பக்கத்திலேயே கிடத்தினார். அந்த இடம் முன்பும் இருந்தது. புது அறை தயார் என்று நம்பியிருந்ததால், அதைத் தேட வேண்டும் என்றுதான் அதுவரை அவருக்குத் தெரியவில்லை.