மாதங்கியின் தலைநீர்

மாதங்கி என்ற யானை கால்களைத் தரையோடு இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கியிருந்தாள். காட்டுக் குளத்தை நம்பி வாழ்ந்த யானைக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கோடையில் குளம் வற்றினால் மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். எங்கே நிழல், எங்கே ஊற்று என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது அதெல்லாம் மறந்து மறந்து போயிற்று. போதாததற்கு, நின்ற இடத்திலேயே அவளை அறியாமல் சிறுநீரும் போயிற்று. பாவம், அவளுக்கு அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

கூட்டம் கூடிப் பேசியது. வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மலைச்சரிவில் அவள் விழுந்தால் பின்னால் வரும் குட்டிகளும் சேர்ந்து உருளும் என்றார்கள். குளம் வற்றியதும் அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. அதை அவளிடம் சொல்லும் வேலை தங்கை கரிணியின் தலையில் விழுந்தது. வற்றிய குளத்தருகே விட்டுப் போவதென்றால் சாகவிடுவதுதான் என்று கரிணிக்குத் தெரியும். அவள் அக்காவிடம் போகவில்லை. நேராக நரி வைத்தியரிடம் போனாள்.

நரி கெட்டவர் அல்ல. அவசரக்காரர், அவ்வளவுதான். மாதங்கியின் நெற்றியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையில் நீர் இருக்கிறது என்றார். அதுவரை சரி. தலையில் நீர் என்றால் நீர்க்கோவைதானே என்றார். அங்கேதான் கோட்டை விட்டார்.

மூக்கடைத்துத் தலை பாரமாகிற ஜலதோஷத்தைத்தான் நாம் நீர்க்கோவை என்போம். மாதங்கி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அதை யார் கவனித்தார்கள்? சுக்கை உரைத்து நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டார்கள். யானை நெற்றிக்கு எவ்வளவு சுக்கு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். நீர் சேரக்கூடாது, அதனால் குளிக்கக் கூடாது என்று நரி உத்தரவு போட்டார். யானையைப் பார்த்துக் குளிக்காதே என்று சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

பற்று காய்ந்து உதிர்ந்தது. நோய் அப்படியே இருந்தது. ஒருநாள் மாதங்கி தடுமாறி ஒரு மருத மரத்தின்மேல் சாய்ந்தாள். அதில் குடியிருந்த மரங்கொத்தி அலறிக்கொண்டு வெளியே வந்தது. மண்டையைத் திறந்து வைத்தியம் பார்ப்பதில் அந்தக் காட்டில் மரங்கொத்தியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கர்வமும் அதற்கு உண்டு. திட்ட வந்த மரங்கொத்தி, மாதங்கியின் நடையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியது. அவளை நடக்கச் சொன்னது, திரும்பச் சொன்னது. தலையை அங்கங்கே தட்டிக் கேட்டது. அதற்குள் கூட்டமும் நரியும் அங்கே கூடிவிட்டார்கள்.

"இது மூக்கு நீர் இல்ல வைத்தியரே. மூளை நீர்."

பிறகு எல்லோருக்கும் விளக்கியது. மூளைக்குள் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றில் பாசிக்கொத்து மாதிரி ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்று உண்டு. அது ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை ஓயாமல் சுரக்கிறது. மூளை மிதப்பது அந்த நீரில்தான். மூளையின் கழிவை அலசிக்கொண்டு போவதும் அந்த நீர்தான். வேலை முடிந்ததும் அது மறுபடி ரத்தத்தில் வடிந்துவிட வேண்டும். மாதங்கிக்குச் சுரப்பு நடக்கிறது, வடிகால் சரியில்லை. அறைகள் உப்பி மூளையை நெருக்குகின்றன. கால் இழுப்பது, வழி மறப்பது, சிறுநீர் போவது மூன்றும் அதனால்தான்.

"அப்போ இது வயசு இல்லையா?" என்று கரிணி கேட்டாள்.

"வயசானவங்களுக்குத்தான் அதிகமா வரும். ஆனா இது வயசு இல்ல, வியாதி. எல்லாருக்கும் குணமாகும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். நடை தேறினா வழி இருக்கு."

அதே நீர் முதுகுத்தண்டைச் சுற்றியும் இருக்கும். மரங்கொத்தி இடுப்புக்கு மேலே மெல்லிய துளை போட்டு, ஒரு நாணல் குழலைச் செருகிக் கொஞ்சம் நீரை எடுத்தது. குழலின் வாயைப் பிசினால் அடைத்தது. சற்றுப் பொறுத்து மாதங்கி எழுந்து நடந்தாள். காலைத் தரையை விட்டுத் தூக்கி நடந்தாள். கரிணி அழுதேவிட்டாள். நிரந்தரமாக வைக்க நீளமான நாணல் கொண்டுவருகிறேன், அதுவரை அடைப்பை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்தது.

நரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் எடுத்ததற்கே இவ்வளவு குணம் என்றால், மொத்தத்தையும் எடுத்தால் அடியோடு தீர்ந்துவிடுமே என்று நினைத்தார். பேரும் தனக்கு வரும் என்பது வேறு. அடைப்பைப் பிடுங்கிவிட்டார்.

நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மாதங்கிக்குத் தலை பிளந்தது. படுத்தால் வலி குறைந்தது, எழுந்தால் உயிர் போயிற்று. கடைசியில் எழவே முடியவில்லை. நரி வெலவெலத்துப் போய்க் குளத்தைச் சுற்றி ஓடினார். கரிணி ஓடிவந்து குழலின் வாயைத் தும்பிக்கை நுனியால் அழுத்திப் பிடித்தாள். மரங்கொத்தி திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.

வந்ததும் மரங்கொத்தி குழலை உருவித் துளையை மூடியது. "மூளை மிதக்கத் தண்ணி வேணும்னு சொன்னேனே! தரை தட்ட வெச்சுட்டீரே!" என்று நரியைப் பிடிபிடியென்று பிடித்தது. பின் மாதங்கியிடம் குரலைத் தணித்தது. அசையாமல் படு, நிறையத் தண்ணீர் குடி, உள்ளே இருக்கும் பாசிக்கொத்து மறுபடி சுரந்து நிரப்பிவிடும் என்றது.

குளம் சுருங்கிச் சேறாகிக்கொண்டிருந்தது. இனியும் காத்திருந்தால் எல்லோரும் சாவோம், கிளம்பலாம் என்று கூட்டம் முணுமுணுத்தது.

"நீங்க போங்க. அக்கா எழுந்தா நாங்க ரெண்டு பேரும் வருவோம். எழலைன்னா நானும் இங்கதான்," என்றாள் கரிணி. ஒருவரும் போகவில்லை.

மெல்ல மெல்ல வலி விட்டது. பிறகு மரங்கொத்தி தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் நீண்ட நாணலை வைத்தது. நீர் மிஞ்சினால் மட்டும் திறக்கிற ஒரு சின்ன மூடியும் அதில் இருந்தது. மாதங்கி கூட்டத்துக்கு முன்னால் மலை ஏறினாள். நடையில் வேகம் இல்லை, ஆனால் வழி தவறவில்லை.

உச்சியில் நின்று தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை விட்டுட்டுப் போறதுன்னு நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. வயசாச்சுன்னு நானும் நம்பிட்டேன் கரிணி. நீ சொல்லியிருந்தா, சரி போங்கன்னு சொல்லியிருப்பேன்."

கரிணி அக்காவின் வாலைத் தும்பிக்கையால் பற்றிக்கொண்டு ஆற்றை நோக்கி இறங்கினாள்.

தளர்ந்தவரை வயதென்று சொல்லிக் கைவிடுவதும், நோய் இன்னதென்று அறியாமல் கைவைப்பதும் ஒரே அளவு கேடு.