முன்கம்பு பிடித்த முதலாளி

மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் பிள்ளை வரம் கேட்பார்கள், மழை கேட்பார்கள். வெள்ளிங்கிரி ஒரு ஆளை வேலையை விட்டு நீக்க ஆசி கேட்டு வந்தார்.

கோவையில் அவருக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி இருந்தது. நூற்றிருபது பேருக்கு வேலை. வயது அறுபத்திரண்டு. மடத்தை நடத்தும் நஞ்சம்மாள் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் பதினைந்து வருடமாக அவர்தான் வெள்ளிங்கிரிக்குக் குரு. கலெக்டர் வந்தாலும் மாடு வந்தாலும் ‘நீ’ என்றே பேசுகிற அம்மாள் அவர்.

உச்சிவேளை. அடுப்பில் அண்டா நிறையக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மலையேறி இறங்கிய கூட்டம் கீழே பந்தலில் காத்திருந்தது.

வெள்ளிங்கிரி கும்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

“தாயி, சங்கம் வெச்சுட்டானுங்க. என்ற கேட்டுலயே கொடி நட்டுட்டானுங்க.”

“யாரு?”

“சிவன்மலைன்னு ஒருத்தன். இரும்பு ஊத்தற ஆளு. அவன்தான் முதல் கையெழுத்து. திங்கக்கிழமை அவனை நீக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க.”

“என்ன வார்த்தை?”

“செய்யின்னு.”

அம்மாள் கஞ்சியைக் கிளறினார். அந்த வார்த்தை வரவில்லை.

“நான் என்னங்க குறை வெச்சேன்? எத்தன ஊட்டுக் கல்யாணத்துக்கு முன்னால நின்னிருக்கேன். ஆஸ்பத்திரின்னு வந்தா என்ற காரையே அனுப்பியிருக்கேன். எதுன்னாலும் நேரா என்ற ரூமுக்கு வந்து கேக்கலாமல்லோ?”

“வந்து கேட்டாங்களா?”

“கேட்டாங்க. கேட்டதையெல்லாம் குடுக்க முடியுங்களா?”

“கொஞ்சமாவது குடுத்தியா?”

வெள்ளிங்கிரிக்குச் சுருக்கென்றது. குரலை உயர்த்தினார்.

“உருகுன இரும்பு யாருக்காகவும் காத்திருக்காதுங்க. உலை கொதிச்சு நிக்கறப்போ இவனுங்க கையைக் கட்டிட்டு உக்காந்தா, இரும்பு உள்ளயே இறுகிப் போயிரும். அதோட நானும் போயிருவேன். இது உங்களுக்குத் தெரியாது தாயி.”

அதில் பொய்யில்லை. அந்தப் பயம் முப்பது வருடமாக அவர் வயிற்றில் குடியிருந்தது.

“அதுக்குத்தான் ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். வேலை நேரத்துல ஒருத்தனும் வாயைத் திறக்கப்படாது. திறந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிரோணும். சங்கம் பேச்சுலதானுங்க வளருது.”

“பேச்சு நின்னுச்சா?”

“நின்னுச்சு. ஊசி விழுந்தாக் கேக்கும்.”

“அப்புறம் எப்படி வந்துச்சு சங்கம்?”

வெள்ளிங்கிரி துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“ஒரு சின்ன விபத்துங்க. மாரப்பன்னு ஒருத்தன் காலுல இரும்பு சிந்திருச்சு. அதை வெச்சு சிவன்மலை எல்லாரையும் சேத்துட்டான். மாரப்பன் கவனமில்லாம நடந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

அவருடைய பவுண்டரியில் உருகிய இரும்பு வாளியைக் கம்பில் மாட்டி இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். முன்னால் போகிறவருக்கு வாளி தெரியாது. அது ஆடினால் பின்னால் வருகிறவர்தான் ‘நில்லு’ என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் முன்னால் இருப்பவர் நின்றுவிட வேண்டும். அம்மாளுக்கு இதைச் சொன்னதே வெள்ளிங்கிரிதான். இளவயதில் அவரும் முன்கம்பு பிடித்தவர்.

“பின்னால வந்தவன் ‘நில்லு’ன்னானா?” என்று கேட்டார் அம்மாள்.

“புது ஆளுங்க. வாயைத் திறந்தா வேலை போயிருமோன்னு...”



“மாரப்பன் காலு?”

“மூணு விரலை எடுத்துட்டாங்க. வைத்தியமெல்லாம் நான்தானுங்க பாக்கறேன்.”

அம்மாள் அடுப்பை அணைத்தார். அண்டாவின் வளையங்களில் கயிற்றைக் கோத்து மூங்கில் கம்பில் மாட்டினார்.

“வழக்கமாத் தூக்கறவருக்குக் காய்ச்சல். நீ முன்னால புடி. பந்தலுக்குப் போகணும்.”

வெள்ளிங்கிரி முன்கம்பைத் தோளில் வாங்கினார். பழைய தோள், பழக்கத்தை மறக்கவில்லை. பின்கம்பை அம்மாள் பிடித்தார். நடந்தார்கள்.

பத்தடி போனதும் பாதை சரிந்தது. முதுகுக்குப் பின்னால் அண்டா ஆடுவது கம்பில் தெரிந்தது. எவ்வளவு ஆடுகிறது என்று தெரியவில்லை.

“தாயி, ஆடுதுங்களா?”

பதில் இல்லை.

“நிக்கட்டுங்களா?”

பதில் இல்லை.

இன்னும் நாலடி வைத்தார். கொதிக்கிற கஞ்சி அவருடைய குதிகாலில் விழுந்தது. அலறிக்கொண்டு கம்பை இறக்கினார். அண்டா தரையில் உட்கார்ந்தது.

“பாத்துட்டே வந்தீங்கல்லோ! ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“சொல்லலாம். நாளைக்கு என்னையும் நீக்கிருவியே.”

வெள்ளிங்கிரி கத்தினார். குரு என்றும் பார்க்கவில்லை.

“நீங்களும் அவனுங்க பக்கம்தானா? நான் என்ற கையால உண்டாக்குன எடம் தாயி அது! எவனோ ஒருத்தன் நில்லுன்னா நான் நிக்கோணுமா?”

“நீ முன்கம்பு புடிச்ச காலத்துல நின்னியே.”

“அது வேற!”

“அன்னைக்கு உனக்குப் பின்னால வந்தவன் பேரென்ன?”

வெள்ளிங்கிரி யோசித்தார். எத்தனையோ வருடம் ஒரே கம்பைத் தூக்கிய ஆள். முகம் வந்தது, பேர் வரவில்லை.

“ஞாபகமில்லீங்க.”

“உன்ற காலுல விரல் பத்தும் இருக்கே.”

அவர் கீழே பார்க்கவில்லை. பிடிவாதமாக மலையைப் பார்த்தார்.

“இருக்கட்டும். நான் மாறமாட்டேன். திங்கக்கிழமை அவனை நீக்கத்தான் போறேன்.”

“நீக்கு. உன்ற எடம், உன்ற கடுதாசி. என்கிட்ட ஆசி மட்டும் கேக்காத.”

“எனக்கு ஒருத்தரும் வேண்டாமுங்க. இதைக்கூட நானே தூக்குவேன்!”

சொன்னதோடு நிற்கவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அண்டாவின் இரண்டு வளையங்களையும் பிடித்தார். மூச்சைப் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அண்டா ஒரு விரற்கடை எழும்பி, சாய்ந்து, திரும்ப உட்கார்ந்தது. கஞ்சி விளிம்பு வரை வந்து போனது. அம்மாள் தடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

கீழே பந்தலில் யாரோ தட்டைத் தட்டினார்கள். பசி.

“பாதி தூரம் இருக்கு. இனிமேத்தான் படி,” என்றார் அம்மாள். குனிந்து பின்கம்பைப் பிடித்தார். “வா. இப்பவும் நீதான் முன்னால.”

வெள்ளிங்கிரி முன்னால் போய் நின்றார். குதிகால் எரிந்தது. கம்பில் கை வைத்தார், தூக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் படிகள் தெரிந்தன, பந்தல் தெரிந்தது. அண்டா தெரியவில்லை.

பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“தாயி, இந்தத் தடவ குரல் குடுப்பீங்களா?”

“வாயைத் திறக்கப்படாதுன்னு உத்தரவு போட்டவன் நீ,” என்றார் அம்மாள். “திறக்கலாமான்னு நீயே சொல்லு.”