முள்ளியின் காபியும் நரியின் குப்பியும்

ஒரு காட்டில், காலையில் கடுங்காபி குடிக்காமல் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெண்புலி இருந்தது. அதுதான் அந்தக் காட்டுக்கு ராணி. அதற்குத் தினமும் காபி போட்டுக் கொடுத்தது முள்ளி என்ற முள்ளம்பன்றி. அதனால் முள்ளியையும் அதன் இரண்டு குட்டிகளையும் யாரும் தொடக்கூடாது என்பது புலியின் கட்டளை.

அந்தக் குட்டிகள் மேல் நரிக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒரு நாள் நரி, மலை பங்களாவிலிருந்து ஒரு கருவியையும் ஒரு பை நிறையச் சின்னக் குப்பிகளையும் திருடி வந்தது. ஒவ்வொரு குப்பியிலும் ஒரு கிண்ணம் காபிக்கான தூள். என்றோ அரைத்து, மூடி ஒட்டியது.

“மகாராணி, முள்ளி வறுத்து, அரைத்து, வடியவிட்டு உங்களை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது! நான் ஒரு குப்பியைப் போட்டு அழுத்தினால் போதும், காபி தயார். குப்பியைத் தூக்கி எறிந்துவிடலாம்” என்றது நரி.

“நாளைக் காலை இருவரும் போடுங்கள். தோற்றவருக்கு என் பாதுகாப்பு கிடையாது” என்றது புலி.

“நான் ஜெயித்தால், அந்தக் குட்டிகள்?”

“உன் இஷ்டம்.”

மறுநாள் நரி வெந்நீர் ஊற்றிக் கைப்பிடியை அழுத்தியது. உடனே கிண்ணம் நிறைந்தது. புலி குடித்தது.

“சூடாக இருக்கிறது” என்றது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தது.

முள்ளி அப்போதுதான் வறுத்த கொட்டைகளைக் கை மில்லில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. பயத்தில் அதன் முட்கள் சலசலத்தன.

“என்ன முள்ளியக்கா, முட்கள் சலசலக்கின்றனவே! நிதானமாக அரையுங்கள். குட்டிகள் வளையில் தனியாகத்தானே இருக்கின்றன?” என்று நரி இளித்தது.

அரைபட்ட வரைக்கும் அள்ளிப் போட்டுவிடலாமா என்று முள்ளிக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் அரைத்தது. தூளைப் பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றியது.

சொட்டு. சொட்டு. சொட்டு.

புலி எழுந்து முள்ளியைச் சுற்றி நடந்தது. நகங்கள் வெளியே வந்திருந்தன.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“பாதி இறங்கிவிட்டது ராணி.”

நரி மெல்ல வளைப் பக்கம் இரண்டு அடி வைத்தது.

முள்ளி பில்டரின் மேல் பாகத்தைத் தூக்கியது. குப்பென்று மணம் எழுந்தது. புலியின் மூக்கு விரிந்தது. நடந்துகொண்டிருந்த புலி அப்படியே உட்கார்ந்தது. கிண்ணத்தை வாங்கி, ஒவ்வொரு மிடறாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. மீசையை நக்கியது.

“இன்னொன்று” என்றது. பிறகு நரியைப் பார்த்தது. “நீயும்தான். நியாயம் இருவருக்கும் ஒன்று.”

முள்ளி அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றியது. நரி அதைக் கவனித்தது. ‘ஓஹோ! நாம் மட்டும் எதற்கு இன்னொரு குப்பியை வீணாக்க வேண்டும்? தீர்ந்தால் பங்களா நாய்களிடம் யார் கடிபடுவது?’ என்று எண்ணி, பிழிந்து போட்ட பழைய குப்பியையே எடுத்து மாட்டி அழுத்தியது.

புலி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தது. வெளிறிய தண்ணீரில் அதன் முகம் தெளிவாகத் தெரிந்தது.

“இதில் நான்தான் தெரிகிறேன். காபி எங்கே?”

நரியின் வால் கால்களுக்கு நடுவே போனது. “அது... அந்தக் குப்பி ஒரு தடவைக்குத்தான், மகாராணி.”

“என் பொறுமையும் அப்படித்தான்.”

நரி பையைப் போட்டுவிட்டு ஓடியது.

முள்ளி இரண்டாம் டிகாஷனை நீட்டியது. திடம் சற்றுக் குறைவு, மணம் மட்டும் அப்படியே இருந்தது. புலி அதை ரசித்துக் குடித்து முடித்துவிட்டு, அவசரமில்லாமல் எழுந்து, நரி ஓடிய திசையில் நடந்தது.

நீதி: என்றோ அரைத்து அடைத்ததில் வேகம் இருக்கலாம், கண்முன்னே அரைத்ததில்தான் ருசி இருக்கும்.