வாழைப்பூ கீழே பார்த்த நாள்

அந்தக் காலத்தில், காக்கைக்கும் அணிலுக்கும் மரம் செடிகளுக்கும் பேசத் தெரிந்திருந்த காலத்தில், வாழைப்பூ இப்போதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. நெட்டுக்குத்தாக வானத்தைப் பார்த்து நின்றது. நாளுக்கு ஒரு மடலாகத் திறக்கிற பொறுமையும் அதற்குக் கிடையாது. ஏதோ ஒரு விடியற்காலையில் எல்லா மடலும் ஒன்றாகப் படாரென்று விரியும். உள்ளே இருக்கிற பூக்களில் எல்லாம் தேன் ததும்பும். அவ்வளவுதான், ஊரே திரண்டுவிடும்.

காக்கை வரும், மைனா வரும், அணில் வரும், குளவி வரும், எறும்பு சாரைசாரையாக ஏறும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்துகூடக் கூட்டம் வரும். யார் வந்தாலும் வாழை "வா" என்றுதான் சொல்லும். உச்சிவெயில் ஏறுவதற்குள் தேன் தீர்ந்து, பந்தி கலைந்து, மடல்கள் தரையில் மிதிபட்டுக் கிடக்கும். வாழைக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தன்னைப்போல அள்ளிக் கொடுக்க யாரால் முடியும் என்று வானத்தைப் பார்த்தபடியே நிற்கும். கொடுக்கிறவர்களுக்கு இந்தப் பெருமை தலைக்கேறிவிட்டால், சாப்பிடாமல் நிற்பவர் யார் என்று பார்க்கத் தோன்றாது.

அந்த ஆற்றங்கரையில் நல்லாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாரப்பன் பரிசல் ஓட்டுகிறவன். விடிந்ததும் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனால், பொழுது சாய்ந்துதான் வருவான். குடிசையின் புழக்கடையில் நல்லாயி பாத்திரம் துலக்குவாள். துலக்கிய தண்ணீர் ஓடுகிற வழியில் ஒரு வாழை நின்றது. அதற்கு நேர் எதிரே, கூரையின் மூங்கிலில் கட்டியிருந்த துணிக்கயிறு ஒன்று அறுந்து தொங்கியது. அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு தேன்சிட்டு ஜோடி வருஷாவருஷம் கூடு கட்டும்.

நல்லாயி எந்த வேலையிலும் சுறுசுறுப்பானவள்தான். ஆனால் சிட்டைப் பார்த்துவிட்டால் போச்சு. கையில் சாம்பலும் தேங்காய்நாருமாகக் குத்தவைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அங்கே விட்டுவிடுவாள். ஆண்சிட்டு வெயிலில் கருநீலமாக மினுக்கிக்கொண்டு வரும். துலக்கிக் கவிழ்த்த செம்பில் தன் முகத்தையே பார்த்துவிட்டு, வேறு எவனோ வந்துவிட்டான் என்று கொத்திக் கொத்திச் சண்டை போடும். பெண்சிட்டு அந்தக் கூத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குக் கூட்டு வேலை தலைக்குமேல் கிடக்கும். சிலந்தி வலையை இழுத்து வரும், சருகைக் கொண்டுவரும், நல்லாயியின் தலையிலிருந்து உதிர்ந்த முடியைக்கூட எடுத்துப் போகும்.

"ஏ புள்ள, அந்தச் சட்டிய விட்டுடு. இன்னும் நாலு தேய் தேய்ச்சா ஓட்டை விழுந்துரும்," என்பான் மாரப்பன்.

"விழுந்தா விழட்டும். உங்களுக்குப் பார்க்க ஆறு இருக்குது. எனக்கு இதுதான்," என்பாள் நல்லாயி.

போன வருஷக் கோடையில் ஒன்று நடந்திருந்தது. முருங்கையும் வேம்பும் பூத்து ஓய்ந்து, எங்கு பார்த்தாலும் காய்ந்து கிடந்த நேரம். சிட்டின் கூட்டில் இரண்டு குஞ்சு பொரித்த அதே காலையில் வாழை பூத்தது. ஈரம் காயாத குஞ்சுகளை விட்டு வர மனசில்லாமல் தாய்ச்சிட்டு கூட்டிலேயே அடைந்திருந்தது. வெயில் ஏறியபின் வந்து பார்த்தால், ஒரு பூவிலும் ஒரு துளி இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சிதான். ஆனால் பூச்சி பிடிக்க அலைகிற தாய்க்குத் தேன் வேண்டுமே. அந்தத் துளியூண்டு உடம்பு அடிக்கொரு தரம் குடிக்காவிட்டால் சிறகு ஓய்ந்துவிடும். ஆண்சிட்டும் தேன் தேடி அலைந்தே களைத்துப் போனது. ஏழாம் நாள் கூட்டில் சத்தம் இல்லை. நல்லாயிதான் குஞ்சுகளை எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டையும் வைத்தபோது கையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆற்று மணலில் புதைத்துவிட்டு வந்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாழை தார் போட்டுச் சாய்ந்தது. அதன் கன்று வளர்ந்து இந்த வருஷம் பூத் தள்ளியது. சிட்டும் வந்து அதே கயிற்றில் கூட்டைத் தொடங்கியது.

"மறுபடியும் இங்கேயேவா கட்டறே?" என்று கேட்டாள் நல்லாயி.

"வேற எங்கக்கா போறது? மத்த இடத்துல பாம்பு வரும், ஓணான் வரும். நீ உக்காந்திருக்கிற இடத்துக்கு அதுக வராது."

நல்லாயிக்கு உச்சி குளிர்ந்தது. "நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்," என்றாள்.

சிட்டு வாயிலிருந்த சருகைக் கீழே போட்டது. "போன வருஷமும் பார்த்துக்கிட்டுத்தானக்கா இருந்தே. பார்க்கறதுக்கு மட்டுந்தான் நான் வேணுமா?"

நல்லாயிக்குச் சுருக்கென்றது. அன்றுதான் முதல்முறையாகச் சட்டியைச் சீக்கிரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

முட்டையிட்டு, அடைகாத்து, மறுபடியும் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. வாழைப்பூ தளதளவென்று பருத்து நின்றது. இன்றோ நாளையோ விரிந்துவிடும். நல்லாயி வாழையின் முன்னால் போய் நின்றாள்.

"வாழை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு அம்மிணி. உன் சட்டி கழுவின தண்ணியிலதான் வளர்ந்தேன். இல்லேன்னு சொல்லமாட்டேன்."

"தேனை ஒரே நாள்ல கொட்டிராதே. கொஞ்சம் கொஞ்சமாக் குடு. சிட்டுக்குப் பத்துப் பன்னெண்டு நாளைக்கு வேணும். அதுக்குள்ள குஞ்சு பறந்துரும்."

வாழை இலைகளைச் சலசலவென்று ஆட்டியது. அதற்குக் கோபம். "நான் உசுரோட இருக்கையில ஒரே ஒரு தடவைதான் பூக்கறேன். அந்த ஒரு தடவையும் கையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் குடுக்கச் சொல்றியா? எங்காத்தா அப்படிக் குடுக்கல, அவளைப் பெத்தவளும் அப்படிக் குடுக்கல. சிட்டுக்கு வேணும்னா மத்தவங்களோட வந்து குடிக்கட்டும்."

"அதால வர முடியலன்னுதான சொல்றேன்."

"வர முடியாதவங்களை எனக்கெப்படித் தெரியும்? எனக்கு வந்தவங்களைத்தான் தெரியும்," என்றது வாழை.

நல்லாயி எவ்வளவோ கெஞ்சினாள். வாழை மசியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வாழையின் காய்ந்த மட்டை ஒன்றைக் கிழித்து நார் நாராக எடுத்தாள். ஒரு முக்காலியைப் போட்டு ஏறினாள். பூவைச் சுற்றி, மடலுக்கு ஒரு கட்டாக, மேலிருந்து கீழே இறுக்கிக் கட்டிவிட்டாள். வாழை வேண்டாம் வேண்டாம் என்று இலையால் அவள் தோளில் அடித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டவர்கள் பிடிக்கிற பிடி அப்படி.

விடிந்தது. பூ விரியப் பார்த்தது, முடியவில்லை. உள்ளே தேன் ஊறி ஊறிக் கனத்தது. காக்கையும் மைனாவும் அணிலும் வந்து சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள்.

"என்னப்பா, இலையைப் போட்டுட்டு அடுப்பை அணைச்சுட்டாங்க?" என்றது அணில்.

"பரம்பரையா அள்ளிக் குடுத்த வீடு. இப்ப கஞ்சப்பயல் பொறந்துட்டான்," என்றது காக்கை. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அணில் வேறு மரத்துக்கு ஓடியது, மற்றவர்கள் அக்கரைக்குப் பறந்து போனார்கள்.

பூவின் கனம் தாங்காமல் வாழையின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. முற்பகலுக்குள் பூ முழுசாகக் கவிழ்ந்து தொங்கியது. கழுத்து மடங்கிய இடத்தில் தோல் கீறி, தெளிந்த நீர் வடிந்தது.

நல்லாயி துலக்கிய சட்டியை அப்படியே போட்டாள். ஓடிப்போய்ப் பூவைக் கையில் தாங்கிப் பிடித்தாள். அந்த நீர் அவள் சேலையில் சொட்டியது. "ஐயோ, உன்னையக் கொன்னுட்டேனா? காயெல்லாம் உள்ளேயே அழுகிருமா?" என்று அழுதாள்.

"என் நாரை எடுத்தே என்னைக் கட்டிட்டியே அம்மிணி," என்றது வாழை. அவளைத் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் முதல் கட்டை அவிழ்த்தாள். மேலே இருந்த ஒரே ஒரு மடல் மெல்லத் தூக்கிக்கொண்டது. அதன் அடியில் ஒரு வரிசைப் பூ. ஒவ்வொன்றிலும் தேன். மடல் கூரைபோல மறைத்திருந்ததால் மேலே பறக்கிற எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

எதிரே கயிற்றிலிருந்து தாய்ச்சிட்டு பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டுக்கும் பூவுக்கும் ஒரு எட்டுத்தான். குஞ்சுகளை விட்டுவிட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. மடலின் ஓரத்தைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கியது. வளைந்த அலகை ஒரு பூவில் விட்டது, பிறகு அடுத்ததில். அக்கரையில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த காக்கை தானும் அப்படித் தொங்கப் பார்த்தது. கால் வழுக்கிப் பாத்திரக் குவியலில் விழுந்து, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல நடந்து போனது.

சிட்டு திரும்பிப் போன வழியையே வாழை பார்த்தது. பிறகு, "அம்மிணி, அந்தக் கயித்துல தொங்கறது என்ன?" என்று கேட்டது.

"சிட்டுக் கூடு."

"அதுல ரெண்டு வாய் தொறந்திருக்குதே."

"அதுகளுக்காகத்தான் கேட்டேன்."

"இத்தனை நாளும் இது இங்கேயேவா இருந்துச்சு?"

"உன் ஆத்தா காலத்துலயிருந்து இருக்குது."

வாழை தன் காலடியைப் பார்த்தது. அங்கே அதன் கன்று ஒன்று சாண் உயரத்துக்கு முளைத்திருந்தது. அதையும் அது அதுவரை பார்த்ததில்லை. "நிமிர்ந்து நின்னப்ப எனக்கு வானந்தான் தெரிஞ்சது. மேல வர்றவங்கதான் பசிச்சவங்கன்னு நெனச்சுட்டேன்," என்றது.

நல்லாயி அடுத்த கட்டில் கை வைத்தாள். எல்லாக் கட்டையும் அவிழ்த்து, பூவை நிமிர்த்திவிட்டு, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"அதை அவிழ்க்காதே," என்றது வாழை.

"ஏன்?"

"அது நாளைக்கு. நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ஒண்ணு. சிட்டு குடிக்கட்டும்."

அப்படியே நடந்தது. தினமும் காலையில் நல்லாயி ஒரு கட்டை அவிழ்ப்பாள். ஒரு மடல் தூக்கும். சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடித்துவிட்டுப் பூச்சிக்குப் பறக்கும். ஆண்சிட்டும் செம்போடு சண்டையை ஒத்திவைத்துவிட்டுக் குஞ்சுக்கு இரை கொண்டுவந்தது, அதுவே பெரிய விஷயம். பழைய மடல் காய்ந்து விழும், விழுந்த இடத்தில் சீப்பாகக் காய் பிடிக்கும். சேலையில் பட்ட வாழைநீர் மட்டும் கருத்துப்போய்விட்டது. நல்லாயி உவர்மண் போட்டுத் துவைத்தாள், கல்லில் அடித்துப் பார்த்தாள். போகவில்லை.

"என்மேல இன்னும் கோவமா?" என்று ஒருநாள் வாழையைக் கேட்டாள்.

"கோவமில்லை. குஞ்சைப் பார்த்தப்பவே போயிருச்சு," என்றது வாழை. "ஆனா நீ கேட்டப்ப நான் குடுத்திருக்கணும். நான் குடுக்கலைன்னாலும் நீ கட்டியிருக்கக் கூடாது. அதனால கறை இருக்கட்டும்."

நல்லாயி அந்தச் சேலையை அப்புறம் துவைத்துப் பார்க்கவில்லை. அப்படியே கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் குஞ்சுகள் கூட்டின் வாசலில் வந்து உட்கார்ந்தன. ஒன்று குதித்துவிட்டது. இன்னொன்று வெகுநேரம் யோசித்துவிட்டுத் தானும் குதித்தது. இரண்டும் விழவில்லை, பறந்தன. மாரப்பன் அன்று பரிசலுக்குப் போகாமல் நின்று பார்த்தான். நல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன வருஷம் மணலில் வைத்துவிட்டு வந்தவற்றுக்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு கடைசிக் கட்டையும் அவிழ்த்தாள். "முடிஞ்சது. இனி தலையைத் தூக்கிக்கோ," என்றாள்.

வாழை அசையவில்லை. "இருக்கட்டும் அம்மிணி. இந்தக் கன்னுக்கும் இதையே சொல்லிட்டேன். அடுத்த வருஷமும் கூட்டுல வாய் தொறக்கும். அதை யாராவது கீழ பார்த்துக்கிட்டு இருக்கணுமில்ல?"

நல்லாயி ஒரு கொட்டாங்குச்சியைக் கழுவி எடுத்தாள். தண்ணீர் ஊற்றி வாழையடியில் வைத்தாள். காக்கை, மைனா, அணில் எல்லாருக்கும் பந்தியைக் கெடுத்தவள் அவள்தானே, தாகத்துக்காவது கொடுக்க வேண்டாமா. சிட்டும் வந்து அதில் குளித்தது. நல்லாயி சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குத்தவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். மாரப்பன் அன்று சட்டியை விடச் சொல்லவில்லை.

அன்று முதல்தான் வாழைப்பூ தலைகவிழ்ந்து தொங்குகிறது, அவிழ்க்க ஆள் இல்லாமலே நாளுக்கு ஒரு மடலாகத் தூக்குகிறது. வாழைக்கறை பட்ட சேலை எத்தனை துவைத்தாலும் பழையபடி ஆவதில்லை. புழக்கடையில் சிட்டைப் பார்த்துக்கொண்டு ஒரே சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறவர்கள், பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்றால், அதுவும் அன்று முதல்தான்.