பதினைந்து அங்குலக் காந்தப் பட்டை

பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனே, கெடுத்தது நீதான்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப். நான் பிளக் என்றால் நீ கார்புரேட்டர் என்பாய். அதுவும் வண்டிக்காரன் முன்னாலேயே. நான் ஸ்பேனரை வீசினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் பலகை அடித்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்ன வாய் யாருடையது?

அடித்தோம். நாலு திருகாணி. என் பக்கமிருந்து இரண்டு, உன் பக்கமிருந்து இரண்டு. அதில்கூட ஒருத்தனை ஒருத்தன் நம்பவில்லை.

அப்புறம் என் பக்கம் ஒரே அமைதி. பிளக் என்றேன். எதிர்ப்பேச்சே கிடையாது. போன வாரம் மட்டும் மூன்று வண்டி தள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். உன் பக்கமும் அதே கதைதான். தெரியும். பலகை மெல்லிசு.

சுவரில் நம்முடைய மூன்றடிக் காந்தப் பட்டை. ஸ்பேனர், சுத்தியல், எல்லாம் அதில்தான் ஒட்டி நிற்கும். அதையும் அறுத்தேன். என் பக்கம் மீட்டர் பெட்டி இருப்பதால் எனக்குச் சுவர் பதினைந்து அங்குலம்தான். உனக்கு இருபத்தொன்று. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாய்.

அறுத்ததில் உள்ளே இருந்த காந்தங்கள் தெறித்தன. என் பங்குக்கு ஐந்து. பொறுக்கி உள்ளே வைத்து, மூடி, மாட்டினேன்.

ஸ்பேனரை வைத்தேன்.

கால் பெருவிரலில் விழுந்தது.

பட்டையைத் தூக்கிக்கொண்டு உக்கடம் போனேன். அங்கே மைமூன் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறாள். என்னைவிட இருபது வயது சின்னவள். காந்த விஷயத்தில் எனக்கு அவள்தான் குரு.

“பட்டை பிடிக்க மாட்டேங்குது அம்மணி. அறுத்ததுல காந்தம் செத்துப்போச்சு.”

அவள் நிமிரவில்லை. கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருங்ணா அறுத்தது?”

“நான்தான். ஆனா அவனாலதான்.”

“சரி. கூலி தேங்காய் பன் ரெண்டு.”

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“பதினஞ்சு அங்குலத்துக்கு ஒண்ணே ஜாஸ்தி.”

“அப்ப எடுத்துட்டுப் போங்க.”

இரண்டு வாங்கி வந்தேன்.

அவள் பட்டையைத் திறந்தாள். இரண்டு இரும்புச் சட்டம். நடுவில் ஐந்து கறுப்புத் துண்டு. ஒன்றைப் பிடுங்கிச் சுத்தியலில் வைத்தாள். உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டது.

“செத்ததுங்களா இது?”

பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை.

“எப்படி வச்சீங்க?”

“முதல்ல வச்சப்ப ஒண்ணை ஒண்ணு தள்ளுச்சு. ஒண்ணை வச்சா இன்னொண்ணு எகிறுது. சண்டைக்காரப் பசங்களாட்ட. ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பிப் போட்டேன். கம்முனு ஒட்டிக்கிச்சு.”

“கம்முனு இருக்குது.”

“ஆமா.”

“ஸ்பேனரு?”

பெருவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் ஐந்தையும் வெளியே எடுத்தாள். ஒன்றோடு ஒன்றைத் தள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றின் ஒரே முகத்தில் நகப் பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

“இப்ப நீங்களே வைங்க. பொட்டு எல்லாம் மேல் சட்டத்தைப் பாக்கணும்.”

முதலாவதை வைத்தேன். இரண்டாவதை வைத்தேன். அது எகிறி அவளுடைய டீ கிளாஸில் விழுந்தது.

விரலை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தாள்.

“ஆவறதில்ல அம்மணி. பாருங்க, முட்டுது.”

“முட்டட்டும்.”

“எகிறுது.”

“அதுக்குத்தானுங்ணா திருகாணி.”

இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அவள் திருகினாள். ஐந்தும் உள்ளே ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டுவது விரலில் தெரிந்தது.

ஸ்பேனரைப் பக்கத்தில் கொண்டுபோனேன். இரண்டு விரற்கடை இருக்கும்போதே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது.

சுத்தியலை வைத்தேன். ஒட்டியது. இழுத்தேன். பட்டை, ஸ்பேனர், பன் வைத்திருந்த தகரத் தட்டு எல்லாம் சேர்ந்து வந்தது.

சிரித்துவிட்டேன். ஐம்பத்தி நாலு வயசு ஆள், நடுக்கடையில். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னொருக்கா இழுங்க” என்றாள்.

இன்னொருக்கா இழுத்தேன்.

“அஞ்சு காந்தத்துக்கே இந்தப் பிடியா அம்மணி?”

அவள் பன்னைக் கடித்துக்கொண்டே அலமாரியின் மேல் தட்டைக் காட்டினாள்.

அங்கே இன்னொரு பட்டை இருந்தது. இருபத்தொரு அங்குலம். கோணலாக அறுத்த முனை. என் கை அறுத்ததுதான். உன் ஸ்க்ரூ டிரைவர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“நேத்து. அவரும் கம்முனு ஒட்ட வச்சுத்தான் கொண்டாந்தாரு.”

“என்ன சொன்னான்?”

“உங்களாலதான்னு.”

“பன்னு?”

“மூணு. பேரமே பேசல.”

அதை எடுத்து என் பட்டையோடு முனைக்கு முனை வைத்துப் பார்த்தேன்.

“ரெண்டையும் சேத்து ஒண்ணா மாட்டலாங்களா அம்மணி?”

“மாட்டலாம். மூணடிச் சுவரு இருக்குதுங்களா?”

இரண்டு பட்டைகளையும் வாங்கிக்கொண்டு, வழியில் தேங்காய் பன் மூன்று கட்டிக்கொண்டு வந்தேன். கடைக்காரன் சொன்ன விலைக்கே.

இப்போது பலகை முன்னால் நிற்கிறேன். என் பக்கத்துத் திருகாணி இரண்டையும் கழற்றிவிட்டேன். அதனால் தப்பு முழுக்க என்னுடையது என்று நினைத்துக்கொள்ளாதே. திரும்பி வந்த மூன்று வண்டியில் இரண்டுக்குக் கார்புரேட்டர். ஒன்றுக்கு பிளக்தான். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மிச்சம் இரண்டு திருகாணி உன் பக்கம் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. தலையைத் தூக்கு. பலகைக்கு மேலே பார். அதைத்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கை வலிக்கிறது.

வாங்கு. கழற்று.